பத்மநாபபுரம் அரண்மனை: பென்சிலோடு போகிறவர்களுக்கான மதிப்பீடு

பழைய கட்டடத்தின் உட்புறத்தை நேரில் பார்த்து வரைந்து பழக வேண்டும் என்று யாராவது கேட்டால், கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையிலிருந்து 2 கி.மீ. தள்ளி இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையைத்தான் முதலில் சொல்வோம். தமிழ்நாட்டில் கல்மண்டபங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மரத்தால் ஆன சபை அறை, ஊருக்கே சோறு போட்ட கூடம், நான்கு பக்கமும் கட்டடம் சூழ்ந்த நாலுகெட்டு முற்றம், நவராத்திரிக் கச்சேரி மண்டபம் எல்லாம் ஒரே மதிலுக்குள் அடுத்தடுத்துக் கிடைப்பது அரிது. இதன் பழைய பகுதியான தாய்க் கொட்டாரம் 16ஆம் நூற்றாண்டுக் கட்டடம் என்கிறார்கள். நாம் பார்ப்பதில் பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில் விரிவுபட்டது. 1795இல் திருவிதாங்கூரின் தலைநகர் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டதால், பிற்கால ஆடம்பரம் ஏறாமல் அறைகள் தப்பித்தன. 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனையைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறைதான்.

சுற்றிப் பார்க்க வருகிறவருக்கு இது நல்ல இடம். வரைய வருகிறவருக்கு நல்ல இடம்தான், ஆனால் சுலபமான இடம் அல்ல. அறைகள் இருட்டு, கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும், பார்வையாளர் பாதை ஒரே திசையில் போகிறது. வருகிறவர்களில் பெரும்பாலோர் கண்ணில் பட்ட மரச்செதுக்கலை உடனே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் தாளில் பூவும் இலையும் இருக்கும், அறை இருக்காது. இந்த அரண்மனையின் உட்புறத்தை உருவாக்குவது மூன்று விஷயங்கள்: தாழ்ந்து இறங்கும் கூரை, சாய்வு மர அழிகள் (இடைவெளி விட்டு அடுக்கிய சட்டங்கள்) வழியாக வடிகட்டி வரும் வெளிச்சம், அந்த வெளிச்சத்தை வாங்கித் திருப்பிக் கொடுக்கும் கறுப்புத் தரை. செதுக்கல் இவற்றுக்குப் பிறகுதான். ஆகவே ஒவ்வொரு அறையையும் அந்த மூன்றையும் வரைய எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதை வைத்தே இங்கே எடைபோடுகிறோம்.

நேரக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். திங்கட்கிழமை விடுமுறை. காலை 9 மணிக்குத் திறப்பார்கள். மதியம் சாப்பாட்டு இடைவேளைக்குச் சாத்தி, 2 மணிக்கு மறுபடி திறந்து, 4.30க்கு முடித்துவிடுவார்கள். அதாவது ஒரே மூச்சில் உட்காரக் கிடைப்பது காலை நேரம் மட்டும்தான். மதியம் வந்து பெரிய படம் எதையும் தொடங்காதீர்கள். பாதை ஒருவழி என்பதால் "முதலில் எல்லாவற்றையும் பார்ப்போம், பிறகு திரும்பி வந்து வரைவோம்" என்ற திட்டமும் இங்கே செல்லாது. எந்த அறை என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். ஒரு காலைக்கு ஒரு அறை, மிஞ்சினால் இரண்டு.

உள்ளே நுழைந்ததும் வருவது பூமுகம், அதாவது முகப்பு மண்டபம். குதிரைவீரன் உருவம் வைத்த தொங்குவிளக்கு, கருங்கல் கட்டில், சீன வணிகர்கள் கொடுத்ததாகச் சொல்லப்படும் நாற்காலி, சுவரில் ஓணவில்லுகள் என்ற அலங்கார வில்கள், தலைக்கு மேலே 90 மலர்கள் செதுக்கிய மரக்கூரை. எல்லாரும் நின்று வாய்பிளக்கும் இடம் என்பதால் கூட்டமும் இங்கேதான் தேங்கும். முழு அறையை வரைய இது சரிப்படாது. விளக்கை மட்டும் தனியாக வரையலாம். அதற்கு ஒரு நூலும் அதன் நுனியில் கட்டிய சின்ன வாஷரும் போதும்: நூலைக் கண்ணுக்கு நேரே தொங்கவிட்டு, சங்கிலியின் செங்குத்துக் கோட்டை முதலில் போடுங்கள். அது கோணினால் பிறகு எவ்வளவு அழகாகக் குதிரையை வரைந்தாலும் விளக்கு தொங்காது, மிதக்கும். கூரையை வரைய ஆசைப்படுகிறவர்கள் மலர்களை விட்டுவிட்டு அவற்றைத் தாங்கும் சட்டகக் கட்டங்களை மட்டும் பெர்ஸ்பெக்டிவில் (தூரம் போகப் போகச் சிறுக்கும்படி) போட்டுக்கொள்ளுங்கள். அதில் ஒரு பூவை முழுதாக, இரண்டு மூன்றை அரைகுறையாக, மற்றதையெல்லாம் வெறும் நிழல் திட்டாக வைத்தால் 90 பூவும் இருப்பதுபோல் தெரியும். எல்லாப் பூவையும் ஒரே கவனத்தோடு வரைந்தால் கூரை தட்டையாகி, அச்சடித்த துணி போல ஆகிவிடும்.

பூமுகத்திலிருந்து செங்குத்தான மரப்படி ஏறினால் மந்திரசாலை, மன்னரின் ஆலோசனை அறை. அரண்மனையிலேயே பேர்பெற்ற அறை. அழிகளும் நிற மைக்காத் துண்டுகள் பதித்த சன்னலும் வெளிச்சத்தைக் கீறிக் கீறி உள்ளே விடும். அமைச்சர்கள் உட்கார்ந்த அகலமான மர இருக்கைகள், கீழே பளபளக்கும் கறுப்புத் தரை. எரித்த சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு, சுண்ணாம்பு எல்லாம் கலந்து போட்ட தரை என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். ஓவியருக்கு விருந்து என்றாலும் முதல் படத்துக்கு இந்த அறை வேண்டவே வேண்டாம். ஏனென்று சொல்கிறோம்.

வெயிலிலிருந்து உள்ளே வந்த கண் இருட்டுக்குப் பழக குறைந்தது பத்து நிமிடம் ஆகும். அதற்குள் வரையத் தொடங்கினால் மூலைகள் எல்லாம் ஒரே கறுப்பாகத் தெரியும், அப்படியே அப்பிவிடுவீர்கள். பழகிய பிறகு அங்கே இருக்கையின் விளிம்பும் தூணின் உருட்டும் தெரிய ஆரம்பிக்கும். ஆனால் தாளில் இடம் ஏற்கெனவே போயிருக்கும். அடுத்த சிக்கல் இன்னும் பெரியது. அழிகளின் இடுக்கில் தெரியும் வெளிச்சத்துக்கும் அறை மூலைக்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்கணக்கான மடங்கு. வெள்ளைத் தாளுக்கும் அழுத்திப் போட்ட 6பி பென்சிலின் கறுப்புக்கும் உள்ள வேறுபாடு தோராயமாகப் பத்துப் பதினைந்து மடங்குதான். கண் பார்ப்பதை அப்படியே தாளில் கொண்டுவர வழியே இல்லை, சுருக்கித்தான் ஆக வேண்டும். ஐந்து டோன் (வெளிச்சத்திலிருந்து இருட்டு வரை படிநிலைகள்) போதும். தாளின் வெள்ளை அழி இடுக்குகளுக்கு மட்டும். அடுத்தது தரையின் பளபளப்பு. மூன்றாவது வெளிச்சம் படும் மரப்பக்கம். நான்காவது மற்ற மரம் எல்லாம். ஐந்தாவது மூலைகளும் இருக்கைகளின் அடியும். இந்த ஐந்து கட்டங்களையும் முதல்நாளே வீட்டில் பகல் வெளிச்சத்தில் தாளின் ஓரத்தில் போட்டு, எந்தப் பென்சில், எத்தனை அடுக்கு என்று குறித்துக்கொண்டு போங்கள். இருட்டறையில் 2பி திட்டும் 4பி திட்டும் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும். வெளியே வந்து பார்த்தால் படம் ஒட்டுப்போட்ட துணியாக இருக்கும்.

அழிகளை ஒவ்வொரு கோடாக வரைபவர்களும் இங்கேதான் தோற்கிறார்கள். வழி இது: அழிப்பகுதி முழுவதையும் நான்காவது டோனில் ஒரே பரப்பாகப் போடுங்கள். நீடபிள் ரப்பரை, அதாவது மாவு போல் பிசையக்கூடிய அழிரப்பரை, கத்திமுனை போலப் பிசைந்து, வெளிச்சக் கோடுகளை அந்தப் பரப்பிலிருந்து உருவி எடுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் முனையை மறுபடி பிசைய வேண்டும், இல்லாவிட்டால் ஏறிய கரி அடுத்த கோட்டில் அப்பிக்கொள்ளும். நடுவில் இருக்கும் கோடுகள் கூர்மையாக, ஓரத்துக்குப் போகப் போக மங்கலாக. எல்லாக் கோடும் முழு நீளத்துக்கு வேண்டாம், அங்கங்கே அறுந்தால்தான் வெளிச்சம் மாதிரி இருக்கும். இன்னொன்று: தலையை ஓர் அடி உயர்த்தினாலோ தாழ்த்தினாலோ சாய்ந்த அழிகளுக்கு இடையில் தெரியும் வெளிச்சத்தின் தடிமன் மாறிவிடும். எந்த உயரத்தில் தொடங்கினீர்களோ அதே உயரத்தில் முடிக்க வேண்டும். வெள்ளைத் தாளைவிட நடுத்தரச் சாம்பல் தாளும் ஒரு வெள்ளைப் பென்சிலும் இந்த அறைக்கு மிகவும் பொருத்தம். பாதி வேலையைத் தாளே செய்துவிடும். மந்திரசாலைக்கு மதிப்பெண்: அழகுக்கு முழுசாக, வரையும் வசதிக்குப் பாதி.

புதிதாகத் தொடங்குகிறவர்களை நாங்கள் அனுப்புவது ஊட்டுப்புரைக்கு, அதாவது ஊருக்கே சோறு போட்ட அந்தக் கூடத்துக்கு. இரண்டு தளம், 2000 பேர் உண்ணலாம் என்பார்கள், சுமார் 72 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். அலங்காரம் ஏறக்குறைய இல்லை, அதனால் கூட்டமும் நிற்காமல் கடந்துபோகும். பெர்ஸ்பெக்டிவ் பழக இதைவிட நேர்மையான அறை கிடைக்காது. ஒரு முனையில் நின்றால் நீளவாட்டுக் கோடுகள் எல்லாம் ஒரே வேனிஷிங் பாயின்ட்டுக்கு (தூரத்தில் கோடுகள் சேர்வதாகத் தெரியும் புள்ளிக்கு) ஓடும். இங்கே ஏறக்குறைய எல்லாரும் செய்கிற பிழை, எதிர்ச்சுவரைப் பெரிதாகப் போடுவது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: கூடத்தின் அகலம் 9 மீட்டர். உங்களிடமிருந்து 9 மீட்டர் தொலைவில் வரும் குறுக்களவு A4 தாளின் நீளவாட்டில் 28 செ.மீ. நிரப்புகிறது என்று வைத்துக்கொண்டால், 72 மீட்டர் தொலைவில் அதே அகலம் எட்டில் ஒரு பங்கு, அதாவது மூன்றரை செ.மீ.தான். மூளை அந்தச் சுவரை முக்கியமானதாக நினைப்பதால் கை ஏழு செ.மீ.க்குப் போட்டுவிடும். உடனே கூடம் பாதியாகக் குறுகிவிடும். கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலில் விரல்நகத்தை வைத்து அளந்த பிறகே எதிர்ச்சுவரைப் போடுங்கள்.

பக்கச் சுவரில் சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வருவது எதுவானாலும் ஒரு பழைய உத்தி உண்டு. முதல் இரண்டு செங்குத்துக் கோடுகளை மட்டும் கண்ணால் அளந்து போடுங்கள். முதலாவதின் உச்சியிலிருந்து இரண்டாவதின் நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு இழுத்தால், அது தரைக்கோட்டைத் தொடும் இடத்தில் மூன்றாவது நிற்கும். அப்படியே நான்காவது, ஐந்தாவது. ஐந்தாறுக்குப் பிறகு கோடுகள் நெருங்கிவிடும், அங்கே நிறுத்திக்கொண்டு மீதியை ஒரே டோனாக விடலாம்.

கண்மட்டம் பற்றி ஒரு வார்த்தை. சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில் இருக்கும். நின்றால் ஒன்றரை மீட்டர். இந்த அரண்மனை தரையில் உட்கார்ந்து வாழ்ந்தவர்களின் கட்டடம். தாழ்வான கண்மட்டத்திலிருந்து பார்த்தால்தான் கூரை தகுந்த உயரத்துக்கு எழும், தரையும் அதிகம் மின்னும். அந்தக் கறுப்புத் தரையை எவ்வளவு சாய்வாகப் பார்க்கிறீர்களோ அவ்வளவு பிரதிபலிப்பு. நின்று பார்த்தால் காலடித் தரை வெறும் கறுப்பாகத்தான் தெரியும். ஆனால் நடைபாதையில் உட்கார இடம் கிடைக்காத நாளும் உண்டு. நின்று வரைவதானால் ஒரு வசதி: கடந்துபோகும் மனிதர்களின் தலைகள் எல்லாம் ஏறக்குறைய உங்கள் கண்மட்டக் கோட்டிலேயே வரும், அருகில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும். அளவுக்கு ஓர் ஆளைச் சேர்ப்பது அப்போது நொடி வேலை.

தாய்க் கொட்டாரம்தான் எங்கள் முதல் தேர்வு. அரண்மனையிலேயே பழைய பகுதி, நாலுகெட்டு. நடுமுற்றம் திறந்து கிடக்கும், நான்கு மூலைகளிலும் தூண்கள், நான்கு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சரியும். இருட்டான சுற்றுத் தாழ்வாரத்திலிருந்து வெளிச்சமான முற்றத்தைப் பார்ப்பதால், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்ற குழப்பம் இல்லை. முற்றத்தின் நாற்கரத்தை முதலில் போட்டு, எதிரெதிர் மூலைகளை இணைத்துப் பாருங்கள். அந்த இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளிதான் முற்றத்தின் நடு. அது கண்ணுக்குத் தெரியும் நடுவோடு ஒத்துவரவில்லை என்றால் நாற்கரம் பிழை, மேலே போகாதீர்கள். கூரைக் கழிகளில் ஒரு வசதி உண்டு: இறவாரத்தின் (கூரையின் தாழ்ந்த ஓரத்தின்) நீளவாட்டில் பார்த்து உட்கார்ந்தால், பக்கக் கூரையின் கழிகள் எல்லாம் உங்களுக்குக் குறுக்காக இருக்கும். ஆகவே அவை தாளில் ஒன்றுக்கொன்று இணையாகவே விழும், இடைவெளி மட்டும் குறைந்துகொண்டு போகும். அவற்றையும் வேனிஷிங் பாயின்ட்டுக்கு இழுத்துவிட்டால் கூரை முறுக்கிக்கொள்ளும். மூலைக் கழிக்கு இது பொருந்தாது. அதன் இரு முனைகளையும் கண்டுபிடித்து இணைப்பதே வழி.

முற்றத்தில் விழும் வெயில் திட்டு இருபது நிமிடத்தில் இடம் மாறிவிடும். சூரியன் அதற்குள் ஐந்து பாகை நகர்ந்திருக்கும். வந்ததும் திட்டின் ஓரத்தை மெல்லிய கோட்டால் சிறைப்பிடித்துவிட்டு, பிறகு வெயில் எங்கே போனாலும் கண்டுகொள்ளாதீர்கள். ஓரம் ஒரு நேரத்தில், நிழல் இன்னொரு நேரத்தில் என்று கலந்தால், சொல்லத் தெரியாத ஏதோ ஒன்று பிசகிய படம் வரும்.

இங்கேயே ஏகாந்த மண்டபத்தில் பலாமரத் தூண் ஒன்று இருக்கிறது, உச்சிமுதல் அடிவரை செதுக்கல். அறையோடு சேர்த்து வரைய நேரம் இருக்காது, தனித்தாளில் போடுங்கள். நடுக்கோடு, அதன்மேல் உயரப் பிரிவுகள், ஒவ்வொரு பிரிவும் சதுரமா எண்கோணமா உருளையா என்று வெறும் கட்டைகளாக. அரை மணி நேரத்தை இதற்கே கொடுக்கலாம். பிறகு பக்கவாட்டு வெளிச்சம் படும் ஒரே ஒரு பிரிவில் மட்டும் செதுக்கலைப் போடுங்கள். செதுக்கலை வரைவது என்றால் அதன் நிழலை வரைவது. கோடாகப் பார்த்தால் கோலம்தான் வரும்.

நவராத்திரி மண்டபம் மரத்திலிருந்து கல்லுக்கு மாறும் இடம். செதுக்கிய கல்தூண்கள், கண்ணாடி மாதிரித் தரை. பிரதிபலிப்பைப் பழக இதுவே இடம். தூணின் அடி தரையைத் தொடும் புள்ளியிலிருந்து, தாளில் தூண் மேலே எவ்வளவு நீளமோ அதே நீளம் நேர்க்கீழே. சாய்வு வராது, வெயில் எந்தப் பக்கம் இருந்தாலும் சரி. பிரதிபலிப்பு நிழல் அல்ல. அடிக்குப் பக்கத்தில் கூர்மையாகவும், விலக விலகச் செங்குத்தாகக் கலைந்தும் இருக்கும். தூணின் நிறத்தைவிட ஒரு டோன் கறுப்பாகப் போடுங்கள். ரப்பரால் குறுக்காக ஒன்றிரண்டு மெல்லிய இழுப்புகள் கொடுத்தால் தரை தட்டையாகப் படுத்துக்கொள்ளும். ராஜகுடும்பப் பெண்கள் மறைவாகக் கச்சேரி பார்த்த மரத்தடுப்பு அறையும் இங்கே இருக்கிறது. கல்லுக்குப் பக்கத்தில் மரம் எவ்வளவு கறுப்பு என்று ஒப்பிட உதவும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொன்னால்: உப்பிரிகை மாளிகையில் மூலிகை மரக் கட்டிலைச் சுற்றிக் கூட்டம் நிற்கும், இரண்டு நிமிடக் குறிப்புக்கு மேல் முடியாது. சுவரோவியங்கள் உள்ள மேல்தளம் பொதுமக்களுக்குத் திறப்பதில்லை, அதை நம்பிப் போகாதீர்கள். விருந்தினருக்காகக் கட்டிய இந்திர விலாசத்தில் கூரை உயரம், சன்னல் பெரிது, ஐரோப்பியச் சாயல். வெளிச்சம் தாராளம், சுவை கொஞ்சம் குறைவு. மழைநாளில் மற்ற அறைகள் கைவிட்டால் இங்கே ஒதுங்கலாம்.

எவ்வளவு பரப்பைத் தாளில் அடக்குவது என்பதற்கும் ஒரு அளவு வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் அடங்கும் அகலம் நீங்கள் நிற்கும் தூரத்தைத் தாண்டக் கூடாது. 4 மீட்டர் தள்ளி நின்றால் 4 மீட்டர் அகலம். அதற்குமேல் இழுத்தால் ஓரத்துத் தூண்கள் தடித்து, தரை உங்கள் பக்கம் கவிழும். அட்டையில் 5-க்கு 7 செ.மீ. சன்னல் வெட்டிக்கொண்டு போனால் A4 தாளின் விகிதம் ஏறக்குறையக் கிடைக்கும். செல்போன் படத்தை வைத்து வீட்டில் முடித்துக்கொள்ளலாம் என்பது ஏமாற்று. போன் லென்ஸ் அகலமானது, ஓரங்களை இழுத்துவிடும். இருட்டைத் தானாகவே வெளுக்கவும் வைக்கும். கடைசியில் வருவது மந்திரசாலை அல்ல, டியூப்லைட் போட்ட கல்யாண மண்டபம். படம் எடுப்பதானால் கேமராக் கட்டண விதியைக் கவுண்டரில் கேட்டுவிட்டு, செதுக்கல் விவரத்துக்கு மட்டும் எடுங்கள்.

பையில் வேண்டியது கொஞ்சம்தான்: கெட்டி அட்டை வைத்த A4 நோட்டு, தாள் 150 ஜிஎஸ்எம்முக்கு (தாளின் எடை அளவு) குறையாமல், எச்பி, 2பி, 4பி, 6பி பென்சில்கள், நீடபிள் ரப்பர், தூள் கொட்டாத டப்பா வைத்த ஷார்ப்பனர், இரண்டு கிளிப். மெல்லிய தாள் அங்குள்ள ஈரக்காற்றில் தளர்ந்து, 6பி ஏறாமல் வழுக்கும். கரித்துண்டு, மை, நீர்வண்ணம் எதுவும் வேண்டாம். அந்தத் தரையில் ஒரு சொட்டு விழுந்தால் உங்களால் துடைத்துத் தீர்க்க முடியாது. ஈசல், மடக்கு நாற்காலி, மாணவர் குழு என்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு போவதே மரியாதை. தனி ஆளாக நோட்டோடு போகிறவரும் நுழையும்போது ஊழியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். செருப்பை வெளியே விட வேண்டும். இருக்கைகளிலும் கட்டிலிலும் சாயவோ பையை வைக்கவோ கூடாது. படிக்கட்டு வாயில்களை மறிக்காமல், தூணின் பின்பக்கமோ மூலையோ பார்த்து ஒதுங்கினால் யாரும் எழுப்ப மாட்டார்கள்.

எப்போது போகலாம்? குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனிலும், அக்டோபர், நவம்பரிலும் மேகம் மூடினால் அழி வெளிச்சம் செத்துவிடும், மந்திரசாலையில் தாளே தெரியாது. டிசம்பர், ஜனவரியில் வெளிச்சம் அருமை, ஆனால் சபரிமலை போய்த் திரும்புகிற வண்டிகளும் பள்ளிச் சுற்றுலாவும் சேர்ந்துகொள்ளும். நவராத்திரிக்கு முன்பு சரஸ்வதி விக்கிரகம் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகக் கிளம்பும் நாள் பார்க்க வேண்டிய நாள், வரைய வேண்டிய நாள் அல்ல. பிப்ரவரி, மார்ச்சில் ஒரு செவ்வாய் அல்லது புதன், காலை 9 மணி டிக்கெட். தாய்க் கொட்டாரத்துக்கு நேரே போய் இடம் பிடியுங்கள்.